முக்கோணம்னா திரித்துவமா?

போன வாரம் பரண் மேல கிடந்த பெட்டியைக் கிண்டுனப்ப என்னோட பழைய நோட்ஸ் ஆஃப் லெசன் நோட்டு ஒண்ணு கிடைச்சுச்சு. வேலைக்குச் சேந்த புதுசுல எழுதுனது. நான் இருக்கிறது ஒரு மிஷன் ஸ்கூல், பேரெல்லாம் வேணாம், மதுரை பசுமலையில இருந்து ரெண்டு பஸ் மாறிப் போகணும்னு மட்டும் வச்சுக்கங்க. அங்க பாடக்குறிப்புல கடைசிக் கட்டத்துல விழுமியம்னு ஒண்ணு இருக்கும், அன்னைக்கு நடத்துற பாடத்துக்கும் வேதத்துக்கும் என்ன சம்பந்தம்னு ஒரு வரி எழுதணும், எழுதலேன்னா கையெழுத்து விழாது. நானும் எழுதித் தள்ளியிருக்கேன். ஒளிச்சேர்க்கைக்கு நேரா "நான் உலகத்திற்கு ஒளியாயிருக்கிறேன்". அமிலம் காரம் உப்புப் பாடத்துக்கு "நீங்கள் பூமிக்கு உப்பாயிருக்கிறீர்கள்". முக்கோணத்தோட மூணு கோணத்தையும் கூட்டுனா 180 டிகிரி, அதுக்கு நேரா என்ன எழுதியிருக்கேன் தெரியுமா? திரித்துவம், அதான் பிதா, சுதன், பரிசுத்த ஆவி மூணும் ஒரே கடவுள்ங்கிறது. பக்கத்துல ஒரு டிக் வேற.

சிரிச்சு முடிச்சதும் கொஞ்சம் வெக்கமாவும் இருந்துச்சு. ஏன்னா அதை எழுதுறப்ப நான் விளையாட்டுக்கு எழுதல, உண்மையிலேயே விசுவாசத்தையும் படிப்பையும் சேக்குறேன்னு நம்பித்தான் எழுதுனேன். பாடத்தை முழுசா நடத்திட்டு பெல் அடிக்க ரெண்டு நிமிசம் இருக்கிறப்ப ஒரு வசனத்தைச் சொல்லுவேன், பிள்ளைக அதுக்குள்ள பையில புத்தகத்தை அடுக்க ஆரம்பிச்சிருக்கும். கல்யாண வீட்டுல சாப்பிட்டு எந்திரிச்சு கை கழுவுறவன் இலையில கொண்டுபோய்ப் பாயாசம் ஊத்துன மாதிரி.

அதுலயும் ஒரு கிளாஸ்ல நாப்பது பிள்ளைகன்னா சபைப் பிள்ளைக, அதாவது கிறிஸ்தவப் பிள்ளைக, எட்டோ ஒம்போதோதான், மத்ததெல்லாம் இந்துப் பிள்ளைக, நாலஞ்சு முஸ்லிம் பிள்ளைக. வேதபாட பீரியடுக்கு சபைப் பிள்ளைக தனியாப் போயிரும், மத்ததுக்கு நன்னெறி. அரசியல் சட்டத்துலயே 28(3)ன்னு ஒரு பிரிவு இருக்கு, அரசு அங்கீகாரமோ உதவியோ வாங்குற பள்ளிக்கூடத்துல பெத்தவங்க சம்மதம் இல்லாம ஒரு பிள்ளையை மத போதனைக்கு உக்கார வைக்கக் கூடாது. சில பேரு அதை ஒரு தொந்தரவா நினைக்கிறாங்க, எனக்கு அப்படி இல்ல. எங்க வீட்டுப் பிள்ளை வேற எங்கயாச்சும் படிச்சா நானும் அதைத்தான் எதிர்பார்ப்பேன். அப்ப கணக்கு கிளாஸ்ல, அறிவியல் கிளாஸ்ல என் விசுவாசத்துக்கு என்ன வேலை? வாயை மூடிட்டு வாய்ப்பாடு மட்டும் சொல்லிக் குடுக்கணுமா? ரொம்ப நாளா இதுக்கு என்கிட்ட பதில் இல்ல. இப்பவும் முழுசா இல்ல, ஆனா கேள்வி கேக்குற விதத்துலதான் இருக்குன்னு மட்டும் தோணுது.

நான் வளந்ததே கேள்வி பதில்லதான். சபையில முழு அங்கமாச் சேர்றதுக்கு முன்னாடி நடக்குற திடப்படுத்தல் கிளாஸ்ல ஐயர், எங்க சபைப் போதகரை அப்படித்தான் சொல்லுவோம், கேள்வி கேப்பாரு, நாங்க மனப்பாடமாச் சொல்லணும், பத்துக் கற்பனைன்னு சொல்ற பத்துக் கட்டளை, விசுவாசப் பிரமாணம், ஒரு எழுத்து மாறக் கூடாது. ஞாயிறு பள்ளில இன்னும் சுலபம், என்ன கேட்டாலும் "இயேசப்பா"ன்னு சொன்னா பாதி நேரம் சரியா இருக்கும். அதைக் குறை சொல்லல, அந்த மனப்பாடம் இன்னைக்கும் ராத்திரி தூக்கம் வராதப்ப கூட நிக்குது. ஆனா அதே மாதிரிக் கேள்வியைத்தான் கிளாஸ்லயும் கேட்டுட்டு இருந்தேன், பதிலை முன்னாடியே பாக்கெட்டுல வச்சுக்கிட்டு.

மல்லிகைப்பூ கதையைச் சொல்றேன். எங்க ஸ்கூலுக்கு மல்லி போட்ட ஊருகள்ல இருந்து நெறையப் பிள்ளைக வரும், இருட்டோட எந்திரிச்சு பூ எடுத்துக் குடுத்துட்டுத்தான் குளிச்சுக் கிளம்பும், கிட்ட வந்தாலே விரல்ல வாசம் அடிக்கும். அறிவியல் டீச்சர் லீவுல இருந்தப்ப தாவரங்களோட இனப்பெருக்கம் நான் எடுத்தேன். ரொம்பப் பக்தியா ஒரு கேள்வி போட்டேன், மல்லிக்கு இம்புட்டு வாசத்தை ஆண்டவர் எதுக்குடா குடுத்தாருன்னு. கடைசி பெஞ்சுல இருந்து பட்டுன்னு வந்துச்சு, "முகூர்த்த நாள்ல கிலோ ரெண்டாயிரத்துக்கு விக்கிறதுக்கு டீச்சர்". கிளாஸே சிரிக்குது. நான் எதிர்பார்த்த பதில் வேற, அதைச் சொல்ல வைக்க நான் படாத பாடு பட்டுட்டு இருக்கேன், அப்ப முன்னாடி பெஞ்சுல ஒரு பொண்ணு மெதுவா, "டீச்சர், நாங்க மொட்டாவே எடுத்துர்றோமே, அப்ப பூச்சி எப்படி வரும், பூச்சி வரலேன்னா விதை எப்படி வரும்?"னு கேட்டா. நான் என்ன சொன்னேன்னா, நேரமாச்சும்மா அப்பறம் பேசலாம்.

சாயங்காலம் பஸ்ல வரும்போதுதான் உறைச்சுச்சு. அன்னைக்கு கிளாஸ்ல கேட்ட ஒரே நல்ல கேள்வி அதுதான், அதை நான் மூடி வச்சுட்டு வந்துட்டேன். மல்லியை யாரும் விதை போட்டு வளக்குறதில்ல, பதியன் போட்டுத்தான் வளக்குறாங்க, மனுசன் கை வைக்கலேன்னா அடுத்த செடி இல்ல, அந்தச் செடி இல்லேன்னா அந்தப் பொண்ணு வீட்டுல அடுப்பு எரியாது. ஆதியாகமத்துல தோட்டத்தைப் "பண்படுத்தவும் காக்கவும்" மனுசனை வச்சாருன்னு இருக்கே, அதை அந்தப் பொண்ணு தினமும் விடிகாலைல செஞ்சுட்டு வந்து உக்காருது. நான் அவகிட்ட வசனம் சொல்லக்கூட வேண்டியதில்ல, அவ கேள்விக்குப் பின்னாடியே போயிருந்தாப் போதும்.

அதுக்கப்பறம் ஒரு முடிவுக்கு வந்தேன். பாடத்துக்கு வெளிய இருந்து கேள்வியைக் கொண்டுவரக் கூடாது, பாடமே கேக்குற கேள்வியா இருக்கணும், சாமி கும்பிடுற பிள்ளை கும்பிடாத பிள்ளை எதுவா இருந்தாலும் அது நிக்கிற இடத்துல இருந்தே பதில் சொல்ற மாதிரி இருக்கணும். சொல்றது ஈசி. இந்த மாதிரி ஒரு கேள்வி எனக்கு வருசத்துக்கு நாலோ அஞ்சோதான் கிடைக்குது.

அப்படிக் கிடைச்ச ஒண்ணு ஏழாவது கணக்குல, எதிர் விகிதம் நடத்துறப்ப. வழக்கமா இத்தனை ஆள் இத்தனை நாள்ல ஒரு சுவத்தைக் கட்டுனா அதுல பாதி ஆளு எத்தனை நாள்ல கட்டுவாய்ங்கன்னுதான் போடுவோம். அன்னைக்கு நான் போர்டுல வேற கணக்குப் போட்டேன். கம்பம் பக்கம் ஒரு திராட்சத் தோட்டம், காலைல 6 மணிக்குத் தோட்டக்காரர் போயி ஆள் கூட்டிட்டு வர்றாரு, நாள் கூலி 720 ரூவான்னு பேச்சு. திரும்ப 9 மணிக்குப் போயி கொஞ்சம் பேரு, 12 மணிக்கு, 3 மணிக்கு, கடைசியா சாயங்காலம் 5 மணிக்கும் போயி நின்னவங்களைக் கூட்டிட்டு வர்றாரு. ஆறு மணிக்கு வேலை முடிஞ்சு எல்லாருக்கும் அதே 720. யாரு யாருக்கு மணிக்கு எவ்ளோ கூலி விழுந்துச்சு?

சபைப் பிள்ளைக ரெண்டு "டீச்சர் இது மத்தேயு 20"ன்னு கண்டுபிடிச்சுருச்சுக, சரி சும்மா இருங்கன்னு கண்ணைக் காட்டுனேன். பைபிள்ல இயேசு சொல்ற உவமைதான் அது. கணக்கு அழகா வரும். 12 மணி நேரம் செஞ்சவனுக்கு மணிக்கு 60, 9 மணி நேரத்துக்கு 80, ஆறுக்கு 120, மூணுக்கு 240, ஒரே மணி நேரம் செஞ்சவனுக்கு 720. நேரம் குறையக் குறைய மணிக்கூலி ஏறுது, ரெண்டையும் பெருக்குனா எப்பவும் 720, மாறிலி. எதிர் விகிதத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் நான் பாத்ததில்ல. பாதிப் பேரு நோட்டுல கட்டம் போட்டு முடிச்சதும் கேட்டேன், அந்தத் தோட்டக்காரர் செஞ்சது சரியா?

அவ்ளோதான், கிளாஸ் ரெண்டாப் பிரிஞ்சுருச்சு. ஒத்துக்கவே முடியாதுன்னு பெரிய கூட்டம், 60 ரூவாக்காரன் வெயில்ல காஞ்சிருக்கான், அவன் என்ன இளிச்சவாயனான்னு. ஒரு முஸ்லிம் பையன் எந்திரிச்சு, வேலை பாத்தவனோட வேர்வை காயுறதுக்குள்ள கூலி குடுத்துரணும்னு எங்க அத்தா சொல்வாரு, இவரு அன்னைக்கே குடுத்துட்டாருல்ல, அதுல தப்பில்லன்னான். இன்னொருத்தி சித்திரைத் திருவிழா நீர்மோர்ப் பந்தலைச் சொன்னா, அங்க முதல்ல வந்தவன் கடைசியில வந்தவன்னா பாக்குறாங்க, எல்லாருக்கும் ஒரே டம்ளர்தானேன்னு. "அது சும்மா குடுக்குறதுடி, இது கூலி"ன்னு உடனே மடக்கிட்டாய்ங்க.

சத்தம் கொஞ்சம் அடங்குனப்ப, எப்பவும் பேசாத ஒரு பையன், அவங்க அப்பா சித்தாள் வேலைக்குப் போறவரு, உக்காந்த இடத்துலயே சொன்னான். "அஞ்சு மணிக்கு வந்தவன் வீட்ல தூங்கிட்டு வந்தவன் இல்ல டீச்சர். காலைல இருந்து நின்னுருப்பான். யாரும் கூப்டுருக்க மாட்டாங்க. வேலை பாக்குறத விட நிக்கிறதுதான் டீச்சர் கஷ்டம், எங்கப்பா அப்படி நின்னுட்டு வந்தா அன்னைக்கு யார்கிட்டயும் பேச மாட்டாரு."

யாரும் பேசல. நானும் பேசல. அந்த அதிகாரத்தை நூறு தடவையாவது படிச்சிருப்பேன், கடைசி நேரத்துல மனந்திரும்புறவனுக்கும் பரலோகம் உண்டுன்னு பிரசங்கமும் எத்தனையோ கேட்டாச்சு, "ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை"ன்னு அந்த ஆளுக சொல்ற வரி என் காதுல விழுந்ததே இல்ல. அதை ஒரு ஏழாங்கிளாஸ் பையன் சொல்லித்தான் கேட்டேன், அவனுக்கு அப்படி ஒரு வரி இருக்கிறதே தெரியாது.

இதோட நிறுத்திக்கிட்டா நல்ல கதையா இருந்திருக்கும். பெல் அடிக்கிறப்ப ஒருத்தி கேட்டா, "அப்ப நாளைக்கு எல்லாரும் அஞ்சு மணிக்குத்தான டீச்சர் வருவாய்ங்க?" எனக்கு இன்னைக்கு வரைக்கும் அதுக்குப் பதில் தெரியல. தெரியலன்னுதான் சொன்னேன்.

பைபிளை அதுக்கப்பறம் கேள்விகளுக்காகவே திரும்பப் படிச்சேன். லூக்கா சொல்ற பன்னெண்டு வயசு இயேசு தேவாலயத்துல போதகர்களுக்கு நடுவுல உக்காந்து, அவங்க பேசுறதைக் கேட்டுட்டு அவங்களை வினாவிட்டு இருந்தாரு. எனக்குப் பிறன், அதாவது அயலான், யாருன்னு வேதச் சட்டம் படிச்ச ஒரு நியாயசாஸ்திரி கேட்டப்ப நேரா பதில் சொல்லல, ஒரு கதையைச் சொல்லிட்டு இந்த மூணு பேருல எவன் பிறனா இருந்தான்னு அவன்கிட்டயே திருப்பிக் கேக்குறாரு. எல்லாத்தையும் இழந்த யோபு அத்தனை புலம்புனதுக்கு 38ஆம் அதிகாரத்துல கடவுள் வர்றாரு, வந்து விளக்கமா குடுக்குறாரு? கேள்வி மேல கேள்விதான். ஆதாம்கிட்ட நீ எங்கேன்னு கேக்குறாரே, அவருக்கா தெரியாது? அப்ப பதில் தெரிஞ்சுக்கிட்டுக் கேக்குறது தப்பில்ல, அந்தக் கேள்வி யாருக்காகங்கிறதுதான் விஷயம்னு தோணுச்சு. நான் பிள்ளைகளுக்காகக் கேக்கல, அந்த விழுமியக் கட்டத்துக்காகக் கேட்டுட்டு இருந்தேன்.

இன்னொரு சின்ன விஷயம். மேரி பட் ரோன்னு ஒரு அமெரிக்க அம்மா 1970கள்ல கிளாஸ்களைக் கவனிச்சு எழுதியிருக்காங்க, டீச்சர்மார் கேள்வி கேட்டுட்டு சராசரியா ஒரு செகண்டுதான் காத்திருக்காங்க, அதை மூணு செகண்டாக் கூட்டுனாலே பதில் நீளமா வருது, வாயே திறக்காத பிள்ளைகளும் பேசுதுன்னு. மூணு செகண்டு கேக்க ஒண்ணுமில்லாத மாதிரி இருக்கும், கிளாஸ்ல நின்னு பாருங்க, யுகமாத் தெரியும். நான் ஒரு வழி பண்ணேன், கேள்வி கேட்டதும் மனசுக்குள்ள "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே"ன்னு நிதானமா ஒரு தடவை சொல்லிக்குவேன், சரியா மூணு செகண்டு வருது. என் கிளாஸ்ல வெளிய தெரியாம நடக்குற ஜெபம் அது ஒண்ணுதான்.

எல்லாம் எனக்குச் சாதகமாவே முடியும்னு நினைச்சுராதீங்க. கீழடி மியூசியத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போயிட்டு வந்த மறுநாள், அங்க கிடைச்ச பானை ஓட்டுல ஆதன்னு ஒரு பேரு தமிழிங்கிற பழைய தமிழ் எழுத்துல கீறியிருக்குல்ல, ஒரு பானையில எதுக்கு ஒருத்தன் பேரைக் கீறி வைக்கணும்னு கேட்டேன். களவு போகாம இருக்க, கடைக்காரன் அடையாளத்துக்கு, செத்தவரு ஞாபகத்துக்குன்னு வரிசையா வந்துச்சு. "உன்னைப் பேர்சொல்லி அழைத்தேன்"னு ஏசாயாவுல வர்றதை மனசுல வச்சுக்கிட்டு, நம்ம பேரை ஒருத்தர் சொல்லிக் கூப்பிட்டா ஏன் சந்தோசமா இருக்குன்னு அடுத்த கேள்விக்கு நகந்தேன். ஒரு வாண்டு எந்திரிச்சு, "நீங்க மட்டும் எங்களை நம்பர் சொல்லித்தான கூப்புடுறீங்க டீச்சர், நான் இருவத்தேழு"ன்னுச்சு. அட்டென்டன்ஸ் எடுக்குறதை மட்டும் சொல்லல, கணக்குச் சொல்ல எழுப்புறதும் இருவத்தேழு எந்திரின்னுதான். இப்ப பேரைத்தான் கூப்புடுறேன், அட்டென்டன்ஸுக்கு நாலு நிமிசம் கூடுதலா ஆகுது.

இந்த வாரம் எட்டாவதுக்கு கூட்டு வட்டி. பத்து வட்டின்னா என்னன்னு எங்க பிள்ளைகளுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்ல, நூத்துக்கு மாசம் பத்து ரூவா, 10,000 வாங்குனா வருசத்துக்கு வட்டி மட்டும் 12,000. வட்டி கட்டாம மாசாமாசம் அசல்ல சேத்துக்கிட்டே போனா வருசக் கடைசியில மொத்தம் 31,384 குடுக்கணும். கந்துவட்டிக்கு எதிரா 2003லயே தமிழ்நாட்டுல சட்டம் வந்தாச்சு. யாத்திராகமத்துல ஏழைகிட்ட வட்டி வாங்காதேன்னு இருக்கு, அதே பைபிள்ல தாலந்து உவமையில, தான் குடுத்துட்டுப் போன காசை ஏன் வட்டிக்கு விடலைன்னு எஜமான் வேலைக்காரனைத் திட்டுறாரு. அதே கிளாஸ்ல வட்டிக்கு விடுற வீட்டுப் பிள்ளையும் இருக்கு, கட்டுற வீட்டுப் பிள்ளையும் இருக்கு, அதனால ரொம்ப யோசிச்சு விழுமியக் கட்டத்துல வசனம் எழுதாம ஒரு கேள்வி மட்டும் எழுதி வச்சேன்: வட்டி எந்த இடத்துல அநியாயமா மாறுது?

நேத்து நோட்டு திரும்பி வந்துச்சு. கையெழுத்து இல்ல. கேள்வியைச் சுத்தி சிவப்புல ஒரு வட்டம், பக்கத்துல "விடை எழுதவும்".