கடைந்த பேனாவில் மரத்தின் நிறம் எதுவரை நிற்கும்?

படாக் மரத்தில் கடைந்த பேனாவை லேத்திலிருந்து கழற்றிய கையோடு பார்ப்பவர்கள், அந்தச் செம்மஞ்சள் நிறத்தில் மயங்கித்தான் அதைக் கேட்டு வாங்குகிறார்கள். வெளிச்சம் படும் மேசையில் அதே பேனா கிடந்தால், சில மாதங்களிலேயே செம்மை தணியத் தொடங்கி, போகப்போக அடர்ந்த பழுப்பாகிவிடுகிறது. மரத்திலும் குறையில்லை, மெருகிலும் குறையில்லை. அந்த மரத்தின் இயல்பே அதுதான். பேனாவுக்கு மரம் தேர்ந்தெடுப்பவர், உளி பட்டதும் தெரிகிற நிறத்தைவிட, சில ஆண்டுகள் கழித்து நிலைகொள்ளப்போகும் நிறத்தையே முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும் என்று நான் கருதுகிறேன்.

நாளாக ஆக நிறம் மாறுகிறது என்று நாம் சொன்னாலும், அந்த மாற்றத்தில் பெரும்பங்கு ஒளிக்கும் காற்றிலுள்ள ஆக்சிஜனுக்கும்தான். மர இழைகளைப் பிணைத்து நிற்கும் லிக்னின் என்ற பொருள், 400 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுள்ள புறஊதாக் கதிர்களை உள்வாங்கிச் சிதையும்போது மஞ்சள் சாயல் கொண்ட சேர்மங்கள் உண்டாகின்றன. மேப்பிள் போன்ற வெளிறிய மரங்கள் மஞ்சளிப்பதற்கு இதுவே காரணம். நிறமுள்ள மரங்களிலோ, மரம் வைரம் பாயும்போது உள்ளே சேர்ந்த சாயப்பொருள்களும் மாறுகின்றன. அவை மரத்துக்கு மரம் வேறுபடுவதால், ஒரு மரம் கறுப்பதும் இன்னொன்று வெளுப்பதும் ஒரே சன்னலோரத்தில் நடக்கக்கூடும். இந்த மாற்றம் மேற்பரப்பில் ஒரு மில்லிமீட்டரின் சிறு பகுதிக்குள் அடங்கிவிடுகிறது. வெளியே கறுத்துப்போன பழைய மரத்துண்டை லேசாகச் சீவினால், முதல் நிறம் அப்படியே வெளிவருவதைக் காணலாம்.

எல்லா மரங்களிலும் விசித்திரமானது பர்ப்பிள்ஹார்ட். வெட்டியவுடன் அது மங்கிய சாம்பல் கலந்த பழுப்பாக இருப்பதால், புதிதாக வாங்கியவர்கள் தவறான மரம் வந்துவிட்டதோ என்று ஐயப்படுவதுண்டு. சில நாள் காற்றும் வெளிச்சமும் பட்ட பிறகே, பெயருக்கேற்ற ஊதா நிறம் ஏறுகிறது. பிறகு அதே வெளிச்சம் ஆண்டுக்கணக்கில் பட்டால் ஊதாவும் பழுப்புக்குள் அமிழ்ந்துவிடுகிறது. ஆகவே இதை "என்றும் ஊதா" என்று சொல்லி விற்பது முறையல்ல என்பேன். செர்ரி மரம் நேர்மாறான இன்பம் தருவது: இளஞ்சிவப்பாகத் தொடங்கி, வெளிச்சம் படப்பட ஆழ்ந்த செம்பழுப்பை அடைந்து, புதிதில் இருந்ததைவிடப் பல மடங்கு அழகாகிறது. பலா மரத்தின் பளிச்சென்ற மஞ்சளும் இவ்வாறே பொன்பழுப்பை நோக்கி நகர்கிறது. தேக்கைப் புதிதாக அறுக்கும்போது தெரியும் பச்சையும் கருமையும் கலந்த திட்டுகள், வெயில் பட்டதும் சமனாகி ஒரே சீரான பொன்னிறத்துக்கு வந்துவிடும். பெரும்பாலான மரங்கள் கறுக்கையில், கறுப்பு வால்நட்டோ காலப்போக்கில் வெளிறிச் சூடான பழுப்பாகிறது. கருங்காலியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அது ஏறக்குறைய கருமையாகவே இருந்துவிடும்.

மேசை நாற்காலிகளுக்கு இல்லாத ஒரு சிக்கல் பேனாவுக்கு உண்டு. மேல்பாகத்தின் மீது உலோகக் கிளிப் படிந்திருப்பதால், அதன் அடியில் வெளிச்சம் குறைவாகப் படுகிறது. நெடுநாள் கழித்துக் கிளிப்பைச் சற்றுத் திருப்பினால், பழைய நிறம் ஒரு கோடாக நிற்பது தெரியும். கையின் எண்ணெயும் வியர்வையும் மெருகு தேய்ந்த இடங்களில் மரத்துக்குள் இறங்கிப் பிடிக்கும் பகுதியை மேலும் கறுக்கச் செய்கின்றன. எப்போதும் பைக்குள் இருக்கும் பேனாவும், கண்ணாடிப் பெட்டிக்குள் காட்சிக்கு வைத்த பேனாவும் ஒரே கட்டையிலிருந்து வந்தவையாயினும் சில ஆண்டுகளில் உறவு தெரியாத அளவுக்கு வேறுபட்டுவிடும். சாதாரணச் சன்னல் கண்ணாடி நீண்ட அலைநீளப் புறஊதாக் கதிர்களை உள்ளே விடுவதால், கண்ணாடிக்குள் வைத்திருப்பதே போதுமான காப்பு என்று நம்பக் கூடாது.

மெருகு இந்த மாற்றத்தைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. பேனாக்காரர்கள் பலர் விரும்பும் சூப்பர் குளூ மெருகு, காற்றையும் வியர்வையையும் நன்றாகத் தடுத்தாலும், கண்ணாடிபோல் தெளிவாக இருப்பதால் ஒளியை உள்ளே விட்டுவிடுகிறது. ஆளிவிதை எண்ணெய் தானே மஞ்சளிக்கும் தன்மையுடையது. செர்ரிக்கு அது பொருந்தும், வெள்ளை மரத்துக்குப் பொருந்தாது. புறஊதாக் கதிரைத் தடுக்கும் சேர்மானம் கலந்த வார்னிஷ்கள் ஓரளவு உதவுகின்றன. சாயமேற்றிப் பிசின் ஊட்டிய கட்டைகளை வாங்கினால் இத்தொல்லை இல்லை என்பவர்கள், சாயங்களும் வெளிச்சத்தில் வெளுக்கும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

ஒரு மரம் எப்படி மாறும் என்று அறிய எளிய வழி உண்டு. மிஞ்சிய துண்டொன்றில் பாதியை அலுமினியத் தாளால் இறுக்கிச் சுற்றிச் சன்னலோரத்தில் வைத்துவிட்டுச் சில வாரங்கள் கழித்துப் பிரித்துப் பாருங்கள். விலைக்குக் கேட்பவரிடமும் அந்தத் துண்டைக் காட்டலாம். செர்ரியிலும் பர்ப்பிள்ஹார்ட்டிலும், உப்புத்தாள் வேலை முடிந்த பிறகு மெருகு பூசுவதற்கு முன் சில நாள் வெளிச்சத்தில், அவ்வப்போது திருப்பித் திருப்பி வைத்தால், விரும்பிய நிறம் சீராக ஏறிவிடுகிறது. ஏறிய பிறகு மறுபடி உப்புத்தாள் போட்டால் அந்த மெல்லிய படலம் போய்விடும்.

நிறம் மங்கிய பேனாவைத் தேய்த்துப் பழைய நிறத்தை மீட்டுத் தர முடியுமா என்று கேட்கிறார்கள். மரத்தைப் பொறுத்தவரை முடியும். ஆனால் பேனாவின் உள்ளிருக்கும் பித்தளைக் குழாயின் மீது ஒட்டியுள்ள மரம் மிக மெல்லியது. இரு முனைகளிலும் அது உலோக வளையங்களோடு சமமாக நிற்கும்படி கடையப்பட்டிருக்கிறது. பழைய மெருகையும் மாறிய படலத்தையும் எடுத்தால் மரம் வளையத்தைவிடத் தாழ்ந்து, விரலுக்குப் படி தட்டும். மேலே புதிய மெருகை அடுக்கடுக்காக ஏற்றி அந்தப் பள்ளத்தை நிரப்ப வேண்டியிருக்கும். அவ்வளவும் செய்த பிறகு, வெளிச்சம் தன் வேலையை மறுபடி தொடங்கிவிடும் என்பதையும் கேட்பவரிடம் சொல்லிவிடுவது நல்லது.