எலும்புவழி ஹெட்போன்: சூட்சுமம் வாட்டில் இல்லை, அழுத்தத்தில் இருக்கிறது

மண்டையோட்டை அதிரவைத்து ஒலியைக் கேட்கச் செய்யும் என் எலும்புவழி ஹெட்போன் ஒருவழியாகத் தெளிவாகப் பேசத் தொடங்கிவிட்டது! அதே 8 ஓம் அதிர்வி, அதே பி.ஏ.எம். 8403 ஆம்ப்ளிஃபையர் போர்டு, அதே 5 வோல்ட். மாறியது தலைப்பட்டையின் இறுக்கம் மட்டும்தான்.

லேசாகத் தொட்டுக்கொண்டிருந்தவரை வானொலிச் செய்தி கனமே இல்லாமல் கரகரவென்று ஒலித்தது. ஒலியைக் கூட்டினால் கரகரப்புதான் கூடியது. செவித்திறன் சோதனைக் கருவிகளுக்குச் சர்வதேசத் தரம் 5.4 நியூட்டன் அழுத்தம் கேட்கிறது, அதாவது ஏறக்குறைய 550 கிராம் எடை. பழைய ஹெட்போனிலிருந்து கழற்றிய உருக்குப் பட்டையை வளைத்து, பெட்டி நிறுக்கும் கொக்கித் தராசை அதிர்வியில் மாட்டி, தலையின் அகலத்துக்கு இழுத்து அளந்தேன். முள் 500 கிராமைத் தாண்டியதும் குரலுக்கு அடிக்கனம் வந்துவிட்டது. வைக்கும் இடமும் முக்கியம்: காதுமடலுக்குப் பின்னால் விரலுக்குத் தட்டுப்படும் எலும்புப் புடைப்பின் மேல், முடி இல்லாத தோலில். நடுவே மென்மையான சிலிகான் திண்டு வேண்டவே வேண்டாம். 'ச', 'ஸ' ஒலிகளை அது விழுங்கிவிடுகிறது. அரை மணி நேரத்தில் தோல் வலிக்கிறது என்பது உண்மை. தொடும் பரப்பை அகலமாக்கிப் பார்க்க வேண்டும்.

கேட்பது எலும்புவழியா, காற்றில் கசிவதா என்று அறிய, காதை அடைத்துப் பார்ப்பதை மட்டும் நம்பாதீர்கள். விரலால் அடைத்தாலே தாழ்ந்த சுரங்கள் தாமாகவே ஓங்கிவிடும். அதிர்வியைத் தோலிலிருந்து ஒரு மயிரிழை தூக்குங்கள். ஒலி சட்டென்று விழுந்தால் அது மண்டையோட்டின் வழியே உள்காதுக்குப் போய்க்கொண்டிருந்த ஒலி.

சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் இந்த அதிர்வி எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை. மேசைப் பலகையை ஒலிக்கவைக்கும் சாதாரண அதிர்வியைக் காட்டி 'இதுவும் அதுதான்' என்பார்கள். எடையைக் கையில் பார்த்து வாங்குங்கள். இரண்டாவதையும் வாங்கிவிட்டேன், ஆனால் ஸ்டீரியோவுக்காக அல்ல. ஒரு பக்கம் வைத்தாலும் அதிர்வு ஏறத்தாழ அதே வலிமையில் இரண்டு உள்காதுகளையும் எட்டிவிடுவதால் இடவல வேறுபாடு மங்கிவிடுகிறது.

என் ஆசை, செவிப்புலனை ஆராய்ந்த அறிவியலாளர் பெக்கேசி 1932இல் செய்த சோதனையை நானும் செய்து பார்ப்பது. எலும்புவழி வந்த 400 ஹெர்ட்ஸ் சுரத்தை, காற்றுவழி அனுப்பிய அதே சுரத்தால் அவர் அழித்துக் காட்டினார். வழி எதுவானாலும் உள்காதில் அதிர்வது ஒரே சவ்வு என்பதற்கு இதைவிட அழகான சான்று எனக்குத் தெரியாது. ஒரு காதில் அழித்தாலும் மறுகாதில் கேட்டுக்கொண்டே இருக்கும் என்பதால், இரு காதுகளுக்கும் தனித்தனியாகக் கட்டத்தையும் (அலையின் ஏற்ற இறக்கம் வரும் நேரம்) வலிமையையும் திருகிச் சரிசெய்யும் சுற்று வேண்டும். தலைப்பட்டைக்கு உறை தைக்கும் வேலை பாதியில் கிடக்கிறது. அதற்குள் அந்தச் சுற்றை வரைய உட்கார்ந்துவிட்டேன்.