மேட்டூர் தண்ணீரும் தினசரி ஃப்ளோவும்

மன்னார்குடியில் அறுவடை இயந்திரம் வாடகைக்கு விடும் ஒரு நிறுவனத்துக்கு, வாடிக்கையாளர் விவரங்களை வைத்துக் கையாளும் சேல்ஸ்ஃபோர்ஸ் மென்பொருளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. "ஐயா, அறுப்பு நெருங்குது, வண்டி வேணுமா?" என்று விவசாயிகளுக்கு நேரத்தில் செய்தி போக வேண்டும். தேவை அவ்வளவுதான்.

நான் வந்தபோது குறுவை, சம்பா, தாளடி, பாக்கி வசூல், வண்டி முன்பதிவு என ஐந்து ஷெட்யூல்டு ஃப்ளோ, அதாவது குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலைத்தொடர்கள், தினமும் ஓடின. ஒவ்வொன்றும் விவசாயிகளின் 60,000 ரெக்கார்டையும் (பதிவுகளையும்) உள்ளே இழுத்துக்கொண்ட பிறகுதான் இவருக்குச் செய்தி வேண்டுமா, வேண்டாமா என்று யோசிக்கும். இந்த வகை ஃப்ளோவுக்கு 24 மணி நேரத்தில் 2,50,000 ஓட்டம், அல்லது பயனர் லைசென்ஸ் எண்ணிக்கையை 200ஆல் பெருக்கினால் வருவது, இரண்டில் எது பெரிதோ அது வரம்பு. கணக்கு ஃப்ளோவுக்கு ஒன்று அல்ல, ரெக்கார்டுக்கு ஒன்று. ஐந்து அறுபதாயிரம் மூன்று லட்சம்!

"லைசென்ஸ் கூட வாங்கணுமா தம்பி?" என்றார் முதலாளி. எங்களிடம் இருப்பது 30. 1,250-ஐத் தாண்டினால்தான் வரம்பே நகரும் என்றேன். அத்தோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

ஒரே தடவை, தினமும், வாராவாரம். ஓட்டத்துக்கு இந்த மூன்றுதான் உண்டு. மாதம் ஒருமுறை என்பது இல்லாதது எனக்கு எரிச்சல்தான். இருந்தாலும் டெல்டாவில் காலண்டரை நம்பி என்ன பயன்? மேட்டூர் அணை திறக்க வழக்கமான நாள் ஜூன் 12. 2022-இல் மே 24-லேயே திறந்தார்கள். 2024-இல் ஜூலை 28 ஆகிவிட்டது. தேதியைக் கட்டி அழுதால், கதிர் பால் பிடிக்கும் முன்பே வண்டி வேணுமா என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்வோம்.

எனவே விதைத்த தேதியைப் பிடித்தேன். அது வெறும் எழுத்து ஃபீல்டாக (எதை வேண்டுமானாலும் எழுதும் கட்டமாக) இருந்தது. திறந்து பார்த்தால் "ஆடி கடைசி", "பதினெட்டு கழிச்சு", "மழைக்கு முந்தி"! தேதி ஃபீல்டாக மாற்றியதும் போன் பேசும் பிள்ளைகள் முணுமுணுத்தார்கள். அப்புறம் நெல் ரகத்தின் வயது. ஆடுதுறை 43-க்கு 110 நாள், சிஆர் 1009-க்கு ஏறக்குறைய 155. இரண்டையும் வைத்து, அறுப்புக்கு மீதி எத்தனை நாள் என்று தானே கணக்கிடும் ஒரு ஃபார்முலா ஃபீல்டு. மீதி 15 அல்லது அதற்குக் குறைவு, செய்தி இன்னும் போகவில்லை. இந்த ஃபில்டரை ஃப்ளோவின் வாசலிலேயே வைத்தாயிற்று. சரியாக 15 என்று வைத்தால் ஒரு நாள் ஓட்டம் தவறினாலும் அன்றைய ஆட்கள் விட்டுப்போவார்கள்; அதற்குத்தான் "குறைவு". மூன்று பட்டத்துக்கும் இப்போது ஒரே ஃப்ளோ. அறுப்பு உச்சத்தில்கூட தினம் சில நூறு ரெக்கார்டுதான் உள்ளே வருகிறது.

பாக்கி இருப்பது நடவு வயல். ரகத்தின் வயதை விதை விட்ட நாளிலிருந்து எண்ண வேண்டும். பலர் நட்ட தேதியைச் சொல்கிறார்கள். நாற்றங்காலில் இருந்த நாட்களைக் கழிக்க, நேரடி விதைப்பா நடவா என்று கேட்கும் ஒரு ஃபீல்டை இந்த வாரம் சேர்க்கிறேன். பிள்ளைகள் இன்னொரு முறை முணுமுணுப்பார்கள்.