முதல் நாள் இரவே செய்து வைக்கும் சான்ட்விச்

மே மாதத்தில் வெப்பம் 33 டிகிரியைத் தாண்டும் நாள்களில், சிங்கப்பூரில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் சிறிய சமையலறையில் அடுப்பைப் பற்றவைக்கவே மனம் வருவதில்லை என்பதால், முதல் நாள் இரவே சான்ட்விச் செய்து குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடுகிறேன். தேக்கா சந்தையில் வாங்கும் புதினாவையும் கொத்தமல்லியையும் தேங்காய் சேர்க்காமல் கெட்டியாக அரைக்க வேண்டும். தேங்காய் சீக்கிரம் கெட்டுவிடும். ரொட்டி நனைந்து குழையாமல் இருக்க, இரு துண்டுகளின் உட்புறத்திலும் ஓரம்வரை வெண்ணெய் தடவி, வெள்ளரிக்காயில் உப்புத் தூவிப் பத்து நிமிடம் வைத்து, கசியும் நீரைத் துணியால் ஒற்றியெடுத்த பிறகே அடுக்குகிறேன். தக்காளியைச் சாப்பிடும் நேரத்தில்தான் சேர்ப்பேன். என் கணவருக்கு இதில் இன்னமும் உடன்பாடில்லை. 5 முதல் 60 டிகிரி வரையிலான வெப்பத்தில் கிருமிகள் விரைவாகப் பெருகும் என்பதால், அவித்த முட்டை வைத்ததை ஐஸ் பொதியோடுதான் வெளியே எடுத்துச் செல்கிறோம்.