நாகமரையில் தூண்டில், ஒகேனக்கல்லில் வறுவல்

நேற்று ராத்திரி பதினொரு மணிக்குத்தான் கிருஷ்ணகிரி வந்து சேர்ந்தோம். கையில் மண்புழு வாடை இன்னும் போகவில்லை. ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

மச்சான் முதலில் கேட்டது ஊட்டிப் பக்கம் அவலாஞ்சி. ட்ரவுட் பிடிக்க வேண்டுமாம். ஆங்கிலேயர் காலத்தில் நீலகிரிக்குக் கொண்டுவந்த குளிர்நீர் மீன் அது, நம் பக்கத்துச் சூட்டில் பிழைக்காது. ரூம் வாடகையைக் கணக்குப் போட்டதுமே கைவிட்டோம். இரண்டு பேரிடமும் சேர்த்து இருந்தது 2,000 ரூபாய். சரி, ஒரே பைக்கில் காவிரிக்கே போய்விடலாம் என்று கிளம்பினோம்.

தருமபுரி தாண்டி, பென்னாகரம் போகும் வழியில் ஒரு ஏரி. தண்ணீர் ததும்பி நின்றது. ஆசை அடங்காமல் இறங்கித் தூண்டில் போட்டோம். பத்து நிமிடத்தில் ஒருவர் மொபெட்டில் வந்து இறங்கினார். “யாரைக் கேட்டுப் போட்டீங்க?” என்று சத்தம். ஏலம் எடுத்து, குஞ்சு வாங்கி விட்டு, தீனி போட்டு வளர்ப்பவர் அவர். கோபம் நியாயம்தான், மன்னிப்பும் கேட்டோம். ஆனால் ஒரு மீன்கூடப் பிடிக்காதவர்களிடம் 500 ரூபாய் கேட்டது அநியாயம். பேசிப் பேசி 200-ல் முடிந்தது. ஏரியோ அணையோ, தூண்டிலைப் பிரிக்கும் முன் பக்கத்து டீக்கடையில் குத்தகை யாருடையது என்று கேட்டுவிடுங்கள். பத்து ரூபாய் டீயோடு முடிகிற வேலை.

அப்புறம் ஏரியூர் வழியாக நாகமரை. மேட்டூர் அணையின் தண்ணீர் இதுவரைக்கும் ஏறி நிற்கிறது. அக்கரையில் தெரிவது சேலம் மாவட்டத்துப் பண்ணவாடி. ஆடிக் காற்று பேய்க்காற்றாக அடித்தது. அங்கே உரிமம் வைத்து மீன் பிடிக்கும் பெரியவர் ஒருவரிடம் இந்த முறை முதலிலேயே கேட்டோம். பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

மச்சானின் 1,800 ரூபாய் ரீல் தூண்டிலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நரம்பு தடியா இருக்கு தம்பி, முள்ளும் பெருசு. ஜிலேபி மீனுக்கு வாய் சின்னது” என்று கீழே வைத்துவிட்டுத் தன் மூங்கில் கழியை நீட்டினார். மெல்லிய நரம்பு, நெல் அளவு ஈயம், பழைய ரப்பர் செருப்பில் அறுத்த தக்கை. புழுவை முழுசாகக் கோத்தால் மீன் வாலை மட்டும் கடித்துக்கொண்டு போய்விடுமாம். பாதியாகக் கிள்ளி, முள்ளின் நுனி மறையும் வரை ஏற்ற வேண்டும்.

தக்கை இரண்டு தடவை துடித்தது. நான் இழுத்தேன், வெறும் முள். “துடிக்கிறப்ப இழுக்காதே. சாஞ்சு, நகர்ந்து, முங்கும். அப்ப இழு.” அடுத்த முறை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். தக்கை ஒருக்களித்து இடப்பக்கம் ஓடி, டப்பென்று மறைந்தது. சுண்டினேன். கழி வளைந்தது. கையகல ஜிலேபி வெயிலில் மின்னிக்கொண்டு மேலே வந்ததும் நான் கத்திய கத்தல் பண்ணவாடிக்கே கேட்டிருக்கும்! மதியத்துக்குள் ஐந்து. ஜிலேபியைப் பிடிக்கும்போது தலைப் பக்கமிருந்து வால் பக்கமாகத் தடவிப் பிடியுங்கள், முதுகு முள் படுத்துவிடும். மச்சான் நேராகப் பிடித்துக் கையைக் கிழித்துக்கொண்டான்.

மஹசீர் என்ற பெரிய ஆற்று மீனைப் பிடிக்கும் ஆசையோடு வருகிறவர்கள் அதை விட்டுவிடுங்கள். காவிரியிலும் அதன் துணை ஆறுகளிலும் மட்டுமே வாழும் திமில் மஹசீரை, அழிவின் விளிம்பில் இருக்கும் இனங்களின் பட்டியலில் 2018-ல் சேர்த்துவிட்டார்கள். தவறி மாட்டினால் நனைந்த கையோடு முள்ளை எடுத்து ஆற்றிலேயே விடுங்கள். இந்தப் பக்கத்துக் காடுகளில் பெரும்பகுதி 2014 முதல் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம். காட்டுக்குள் இறங்கித் தூண்டில் போடும் எண்ணமே வேண்டாம்.

ஒகேனக்கல் போனபோது நீர்வரத்து கூடிப் பரிசலுக்குத் தடை. கபினியிலும் கிருஷ்ணராஜ சாகரிலும் திறந்துவிட்டால் இங்கே இதுதான் நிலைமை. காவிரி தமிழகத்துக்குள் நுழையும் இடத்தில் நீர்வரத்தை அளக்கும் பிலிகுண்டுலுவின் அளவைக் காலையில் செய்தியில் பார்த்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும். வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு தரகர், “வேற வழியா கூட்டிட்டுப் போறேன், 2,500 குடுங்க” என்றார். உயிரை வாங்கும் வியாபாரம் இது. யாரும் போகாதீர்கள்.

அந்த எரிச்சலெல்லாம் ஒரு சமையல்கார அக்காவின் அடுப்படியில் கரைந்துபோனது. எங்கள் ஐந்து மீனையும் வாங்கி, செவுளைத் திறந்து ரத்தச் சிவப்பைக் காட்டி, “இன்னிக்குப் புடிச்சதுதான்” என்றார். செதில் சீவி, ஆழமாகக் கீறி, மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, எலுமிச்சை. விறகடுப்பில் மொறுமொறுவென்று எடுத்தார். எங்கள் கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணை மீன் வறுவலைச் சின்ன வயதிலிருந்து சாப்பிடுகிறேன். நேற்றுச் சாப்பிட்டது அதைவிட ஒரு படி மேல். கூலி 150, சோறும் குழம்பும் இரண்டு பேருக்கு 160.

பெட்ரோல் 500, ஏரிக்காரருக்கு 200, முள், நரம்பு, புழு 120, டீ 60, வண்டி நிறுத்த 30. எல்லாம் சேர்த்து 1,220 ரூபாய். மாசியில் தண்ணீர் இறங்கியதும் கெளுத்திக்கு வரச் சொல்லியிருக்கிறார் பெரியவர். கிளம்பும்போது அவர் கொடுத்த செருப்புத் தக்கை என் பர்ஸில் இருக்கிறது.