கிராண்ட் டஃப்: 231 செ.மீ. காலக்கோடு

மெரினாவுக்குப் பெயர் வைத்தவரின் வாழ்க்கையை ஒரே நீளத் தாளில் அளந்து வரைய ரொம்ப நாளாக ஆசை. மவுண்ட்ஸ்டூவர்ட் எல்ஃபின்ஸ்டன் கிராண்ட் டஃப், 1829இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். அப்பா மராட்டியர் வரலாறு எழுதியவர். பம்பாய் ஆளுநர் எல்ஃபின்ஸ்டன் மேல் இருந்த மதிப்பில் அந்தப் பெயரையே மகனுக்கு வைத்துவிட்டார்.

முதலில் ஆண்டுக்கு 1 செ.மீ. போட்டேன். அவர் சென்னை ஆளுநராக இருந்த 1881–1886 காலத்துக்குக் கிடைத்தது ஐந்தே செ.மீ., எழுத இடமில்லை. சரி என்று ஆண்டுக்கு 3 செ.மீ. ஆக்கினேன். 1906இல் அவர் இறக்கும்வரை 231 செ.மீ. சார்ட் தாளைப் பட்டைகளாக வெட்டி ஒட்டினேன். ஃபெவிகால் கூடினால் தாள் சுருங்குகிறது. ஓரத்தில் மட்டும் மெல்லிசாகத் தடவி, மேலே தடித்த அகராதியை ஒரு ராத்திரி வைத்தால் படிந்துவிடுகிறது.

கோட்டைப் போட்டு முடித்ததும்தான் உறைத்தது: பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஸ்காட்லாந்தின் எல்ஜின் தொகுதி எம்.பி.யாக 1857 முதல் 1881 வரை, 72 செ.மீ. சென்னை வெறும் 15. அந்த 72க்குள் இந்தியத் துறைத் துணை அமைச்சர் பதவியும் வருகிறது. 1879இல் லண்டனில் கார்ல் மார்க்ஸோடு மதிய உணவு சாப்பிட்டு, அவரைப் பற்றி விக்டோரியா அரசியின் மகளுக்குக் கடிதம் எழுதியதும் அங்கேதான்.

ஆனாலும் எனக்குப் பிடித்த இடம் அந்த 15தான். 1881 நவம்பரில் அவர் பதவியேற்ற கையோடு புயல் வந்து, கட்டிக்கொண்டிருந்த துறைமுகத்தை உடைத்தது. 1884க்கு நேரே, கோட்டுக்குக் கீழே நீல மையில் 'மெரினா': சிசிலியில் பார்த்த கடற்கரை நினைவில் வைத்த பெயர். 1882க்கு நேரே, கோட்டுக்கு மேலே சிவப்பில் சேலம் கலவரம். பின்னாளில் காங்கிரஸ் தலைவரான சி. விஜயராகவாச்சாரியாருக்குத் தண்டனை கொடுத்து, அப்புறம் உயர் நீதிமன்றம் விடுவித்த வழக்கு அது. நீலத்தை மட்டும் எழுதியிருந்தால் தாள் அழகாகத்தான் இருந்திருக்கும். சிவப்பை விட மனசு வரவில்லை.

21 செ.மீ.க்கு ஒன்றாக மடித்ததில் ஒரு மடிப்பு 1885இல் விழுந்து, 'மெரினா' அதன் ஓரத்தில் நசுங்கியது. அடுத்த தடவை முதல் மடிப்பைச் சின்னதாக வைத்தால் சரியாகிவிடும்.

1886க்குப் பிறகு இன்னும் வெறுமையாக இருக்கிறது. அவருடைய நாட்குறிப்புகள் 14 தொகுதி. சென்னைக் காலத் தொகுதியில் பாதி தாண்டியிருக்கிறேன்.