மழை நாளில் கொப்பி வேண்டாம், புளியங்கொட்டை போதும்

திருகோணமலையில் நவம்பர், டிசம்பர் என்றால் மழைதான். வடகீழ்ப் பருவக்காற்று எங்கள் பக்கம் கொண்டுவருவதை அந்த இரண்டு மாதத்தில்தான் கொட்டித் தீர்க்கும். உப்புவெளிக் கடற்கரையில் பின்னேரம் பின்னேரமாக ஓடித்திரிந்த பிள்ளைகள், முற்றத்தில் வெள்ளம் நின்றதும் விறாந்தைக்கும் குசினிக்கும் இடையில் அலையத் தொடங்குவார்கள். உடனே பெரியவர்கள் நீட்டுவது போன், இல்லாவிட்டால் கொப்பி. "சும்மாதானே இருக்கிறாய், ஒன்றிலிருந்து நூறு வரை எழுது."

எனக்குப் போனைவிடக் கொப்பியில்தான் கோபம். சின்னப் பிள்ளைக்கு எண் முதலில் கையில் பிடிபட வேண்டும். பென்சில் அப்புறம் வரட்டும்.

எங்கள் வீட்டில் மழைக்கென்றே ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கிறது. சோகி, சிப்பி, போத்தல் மூடி, புளியங்கொட்டை எல்லாம் அதற்குள். இவற்றில் புளியங்கொட்டைக்கு ஈடு எதுவுமில்லை. 4 கொட்டைகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு பக்கத்தைச் சீமெந்துத் தரையில் தேய்க்க வேண்டும். தேய்க்கத் தேய்க்கக் கபிலத் தோல் கழன்று வெள்ளை தெரியும். கொட்டை நன்றாகச் சூடேறிவிடும். 6 வயது மகன் அதைத் தங்கச்சியின் கையில் வைத்து, "பார், சுடுது" என்று காட்டுவான். உரசினால் சூடு வரும் என்று நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை.

பிறகு அம்மம்மா தரையில் சோக்கால் கட்டம் கீறுவா. கொட்டைகளைக் குலுக்கிப் போட்டு, எத்தனை வெள்ளை மேலே இருக்கிறதோ அத்தனை கட்டம் போகலாம். கடைசிக் கட்டத்துக்குப் போய்ச் சேர்வதுதான் பழம். நான்கும் கபிலமாக விழுந்தால் 8. மகளுக்கு 4 வயது. தொடக்கத்தில் ஒவ்வொரு கொட்டையாகத் தொட்டுத் தொட்டு எண்ணினாள். இப்போது விழுந்த கையோடு "மூன்று!" என்கிறாள். எண்ணாமலே பார்த்தவுடன் தொகை தெரிவது பெரிய விடயம். கூட்டல், கழித்தல் எல்லாம் அதற்கு மேல்தான் ஏறும். மகனோ, "பழத்துக்கு இன்னும் 2 காணும் அம்மம்மா" என்று கழித்தலைத் தானே செய்துகொண்டிருக்கிறான்.

எழுத்துக்கு ஒரு தட்டு அரிசி. விஜயதசமிக்கு ஏடு தொடக்கும்போது அரிசியில்தானே 'அ' எழுத வைக்கிறோம். அதை ஏன் அந்த ஒரு நாளோடு நிறுத்த வேண்டும்? மூன்று சுழி 'ண', இரண்டு சுழி 'ன' இரண்டையும் விரலால் சுழித்துப் பார்க்கிற பிள்ளைக்கு வித்தியாசம் விரலிலேயே நின்றுவிடும். பிழைத்தால் தட்டை ஒரு ஆட்டு ஆட்டினால் சரி. அழிறப்பரும் இல்லை, சிவப்புப் புள்ளடியும் இல்லை.

இடி மின்னல் வந்தால் யன்னலைச் சாத்திவிட்டு, வீட்டு நடுவில் பாயில் இருந்து எண்ணுவோம். மின்னல் வெட்டியதிலிருந்து இடி கேட்கும் வரை செக்கனுக்கு ஒன்றாக எண்ணி, 3ஆல் பிரித்தால் ஏறக்குறைய எத்தனை கிலோமீற்றர் என்று வரும். பிரிப்பதை நான் பார்த்துக்கொள்வேன். 15 எண்ணிய அன்று "ஐந்து கிலோமீற்றர்" என்றேன். "அப்ப கோணேசர் கோயிலடியிலயா அம்மா இடிக்குது?" என்று மகன் கேட்டான். இடிக்குப் பயந்து காதைப் பொத்துகிற பிள்ளை, எண்ணத் தொடங்கியதும் அடுத்த இடிக்குக் காத்திருக்கிறான்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். குன்றிமணி வேண்டாம். சிவப்பும் கறுப்புமாக வடிவாக இருந்தாலும் அதன் பருப்பு கொடிய நஞ்சு. பல்லாங்குழிக்கும் மஞ்சாடியோ புளியங்கொட்டையோ போதும். 3 வயதுக்குட்பட்ட குழந்தை வீட்டில் இருந்தால் அதுவும் வேண்டாம். மூக்குக்குள் போட்டுவிடும். பெரிய போத்தல் மூடிகளைக் கொடுங்கள்.

பிள்ளைகள் தாங்களாகவே கேட்பது கிச்சுக் கிச்சுத் தம்பலம்தான். மணல் இல்லாததால் பாயில் அரிசியை நீட்டாகக் குவித்து, ஒரு சின்னக் குச்சியை உள்ளே ஒளிக்கிறோம். மற்றவர் இரண்டு கையையும் கோத்து, குச்சி இருக்கும் என்று நினைக்கிற இடத்தில் பொத்த வேண்டும். மகள் ஒளித்த இடத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். தமையன் அவளின் கண்ணைப் பார்த்தே பொத்திவிடுவான். போன கிழமை அவள் குச்சியை ஒரு நுனியில் வைத்துவிட்டு மற்ற நுனியை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அங்கேயே பொத்தினான். மற்றவர் மனதில் என்ன ஓடுகிறது என்று கணக்குப் போட அவளுக்கு எந்தக் கொப்பி சொல்லிக்கொடுத்திருக்கும்?

விளையாடி முடிந்த அரிசி கோழிக்கு.